அமெரிக்காவில் பிள்ளைகளின் மனநலச் சேவை: அரசு அறிக்கைகளைப் படித்துப் பயன்படுத்துவது எப்படி

ஸ்கூலில் "இதற்கு மேல் எங்களால் முடியாது" என்கிறார்கள். டாக்டர் கொடுத்த பட்டியலில் இருக்கிற யாரும் புதிதாக ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. எமர்ஜென்சியில் ராத்திரி முழுக்க உட்கார வைத்துவிட்டு ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு பிள்ளைக்குக் கடுமையான மனநலப் பாதிப்பு வந்த வீடுகளில் பெரும்பாலும் கதை இப்படித்தான் போகிறது. நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த விஷயத்தை ஊரில் இருக்கும் அம்மா அப்பாவிடம்கூடச் சொல்ல மாட்டோம், தமிழ்ச் சங்கத்தில் பேசுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால் முன்னால் போனவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் அடைத்துப் போகிறது.

இந்த நிலைமையில் இருப்பவரிடம் போய் அரசு அறிக்கைகளைப் படியுங்கள் என்றால் எரிச்சல்தான் வரும். இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்குச் சேவை தர வேண்டிய கடமை எந்தச் சட்டப்படி யாருக்கு இருக்கிறது, போன வருஷம் எத்தனை பேருக்குத் தந்ததாக அவர்கள் கணக்குக் காட்டினார்கள், அந்தக் கணக்கில் யார் விட்டுப்போனார்கள் என்று தெரிந்துகொண்டு பேசும் பெற்றோருக்குக் கிடைக்கும் பதில் வேறு மாதிரி இருக்கும். (பிள்ளை இந்த நிமிஷமே ஆபத்தில் இருந்தால் இதையெல்லாம் மூடிவைத்துவிட்டு மனநல நெருக்கடிக்கான உதவி எண் 988-க்குப் போன் செய்யுங்கள். அறிக்கை எங்கும் ஓடிவிடாது.)

எல்லா அறிக்கைக்கும் பொருந்தும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அறிக்கைகள் கதவுக்கு உள்ளே வந்த பிள்ளைகளை எண்ணுகின்றன, வாசலில் காத்திருப்பவர்களை எண்ணுவது அபூர்வம். அதனால் எந்த அட்டவணையைத் திறந்தாலும் முதல் கேள்வி "இதில் யார் இல்லை?" என்பதாக இருக்கட்டும். கீழே வரும் எல்லாமே அந்த ஒரு கேள்வியை எங்கெங்கே எப்படிக் கேட்பது என்பதுதான்.

முதலில், இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

மனநலத் துறை பயன்படுத்தும் பெயர் 'சீரியஸ் எமோஷனல் டிஸ்டர்பன்ஸ்', சுருக்கமாக எஸ்இடி. 1992-ல் வந்த ஒரு சட்டத்தின் வழியாகத்தான் மனநலத்தையும் போதைப் பழக்கத்தையும் கவனிக்கும் சாம்சா என்ற மத்திய அமைப்பு உருவானது. அதே சட்டம் எஸ்இடி என்றால் என்ன என்று வரையறுக்கச் சொன்னது, 1993 மே மாதம் வரையறை வெளியானது. அதன்படி பிறந்ததிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைக்கு, கடந்த ஒரு வருஷத்துக்குள் எப்போதாவது, மருத்துவர் பெயர் சொல்லிக் கண்டறியக்கூடிய மனநலக் கோளாறு இருந்திருக்க வேண்டும். அந்தக் கோளாறு வீட்டிலோ ஸ்கூலிலோ வெளியிடத்திலோ பிள்ளையின் அன்றாடத்தைப் பெரிய அளவில் கெடுத்திருக்கவும் வேண்டும். போதைப் பழக்கம் மட்டும் அல்லது வளர்ச்சிக் குறைபாடு மட்டும் இருந்தால் இதில் சேராது. ஆட்டிசம் இருக்கும் பிள்ளைக்குக் கூடவே கடுமையான மனச்சோர்வும் இருந்தால் சேரும். இந்தக் கடைசி விஷயத்தைச் சேவை கொடுப்பவர்களே சில சமயம் தப்பாகச் சொல்வதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வித் துறையின் கணக்கு வேறு. சிறப்புக் கல்விச் சட்டமான ஐடியாவில் 'எமோஷனல் டிஸ்டர்பன்ஸ்' என்று ஒரு வகை இருக்கிறது, 'சீரியஸ்' என்பதை 1997-ல் கழற்றிவிட்டார்கள். இங்கே பாதிப்பு நீண்ட காலமாக, கண்கூடாகத் தெரியும் அளவுக்கு இருந்து, படிப்பையும் கெடுக்க வேண்டும். 'சமூகத்தோடு ஒத்துப்போகாத' பிள்ளை என்று முத்திரை குத்தினால், வேறு மனநலப் பாதிப்பு இருப்பதைக் காட்டாதவரை, இந்த வகைக்குள் விடமாட்டார்கள். ஆகவே கிளினிக் "ஆமாம், எஸ்இடி" என்று சொல்லும் அதே பிள்ளையை, மார்க் நன்றாக வாங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஸ்கூல் "தகுதி இல்லை" என்று திருப்பி அனுப்பலாம். நம் வீடுகளில் இது நிறைய நடக்கிறது. உள்ளே நொறுங்கிப்போன நிலையிலும் ஏ கிரேடு வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த கிரேடே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. ஐடியாவில் இடம் கிடைக்காவிட்டால் 504 திட்டம் கேளுங்கள், பாதிப்புக்கு ஏற்ற வசதிகளை ஸ்கூல் செய்து தரும் திட்டம் அது, வேறொரு சட்டத்தில் வருகிறது.

இந்த வேறுபாடு அறிக்கையிலும் அப்படியே வருகிறது. மனநலத் துறையின் எண்ணையும் கல்வித் துறையின் எண்ணையும் கூட்டவோ ஒப்பிடவோ கூடாது. ஒரே பிள்ளை இரண்டிலும் இருக்கலாம், ஒன்றில் மட்டும் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் போகலாம்.

மாநிலம் ஆண்டுதோறும் சாம்சாவுக்குக் கொடுக்கும் அட்டவணைகள்

சாம்சா ஒவ்வொரு மாநிலத்துக்கும் சமூக மனநலச் சேவைக்காக பிளாக் கிராண்ட் என்ற மானியம் தருகிறது. பணம் வாங்கும் மாநிலம், கடுமையான மனநோய் உள்ள பெரியவர்களுக்கும் எஸ்இடி உள்ள பிள்ளைகளுக்கும் என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் டிசம்பர் 1-க்குள் கணக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கணக்குக்கு யூஆர்எஸ் அட்டவணைகள் என்று பெயர். உங்கள் மாநிலத்தின் பெயரையும் 'யூஆர்எஸ் அவுட்புட் டேபிள்ஸ்' என்பதையும் சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். பக்கங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம், பெற்றோருக்கு வேண்டியது நாலைந்து அட்டவணைதான்.

14ஏ அட்டவணையில் எஸ்இடி உள்ள எத்தனை பிள்ளைகளுக்குச் சேவை போய்ச் சேர்ந்தது என்பது வயது வாரியாக இருக்கும். 16-ல் அவர்களில் எத்தனை பேருக்கு மல்டிசிஸ்டமிக் தெரபி, ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி, சிகிச்சையோடு சேர்ந்த வளர்ப்பு இல்லம் ஆகிய ஒவ்வொன்றும் கிடைத்தது என்று தனித்தனியாக வரும். ஆய்வுகளில் பலன் நிரூபிக்கப்பட்ட முறைகள் என்று அரசே ஒப்புக்கொண்டவை இவை. அந்தப் பத்தியில் உங்கள் மாநிலம் பூஜ்யமோ வெற்றிடமோ போட்டிருந்தால் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 19-ல் ஸ்கூல் வருகை மாறியதா என்று இருக்கும். 20ஏ-வில் மாநில மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே போனவர்களில் எத்தனை பேர் 30 நாளிலும் 180 நாளிலும் திரும்பி வந்தார்கள் என்று இருக்கும்.

11-வது அட்டவணை குடும்பங்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. 'எங்கள் பண்பாட்டை மதித்தார்கள்' போன்ற கேள்விகளுக்கு நல்ல மதிப்பெண் விழும், 'பிள்ளைக்கு நிலைமை முன்னேறியது' என்பதற்குக் குறைவாக விழும், பல மாநிலங்களில் பல வருஷமாக இதே கதைதான். மரியாதையாக நடத்துகிறார்கள், ஆனால் குணமாகவில்லை என்றுதான் இதை நான் படிக்கிறேன். இந்தக் கணிப்பும் சேவை கிடைத்தவர்களிடம் மட்டும் எடுக்கப்படுவது. வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிற அம்மாவுக்கு யாரும் படிவம் அனுப்புவதில்லை.

சரி, 14ஏ-வில் ஓர் எண் கிடைத்துவிட்டது. அது போதுமானதா என்று எப்படிச் சொல்வது? அதற்கு மாநிலத்தில் எஸ்இடி உள்ள பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும், அங்கேதான் இடிக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் தேசிய போதை, மனநல சர்வே 12 முதல் 17 வயதுக்காரர்களிடம் கடும் மனச்சோர்வைப் பற்றிக் கேட்கிறது, எஸ்இடியை அளப்பதில்லை. அதனால் மாநிலங்கள் இன்றும் சாய்ந்திருப்பது 1998-ல் வெளியான ஒரு மதிப்பீட்டு முறையின் மேல்தான். அதன்படி 9 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில், ஏழ்மை குறைவான மாநிலங்களில் 5 முதல் 7 சதவீதம் பேருக்கு மிகக் கடுமையான பாதிப்பு இருக்கும், பாதிப்பின் அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்தினால் 9 முதல் 11 சதவீதம். ஏழ்மை அதிகமான மாநிலங்களில் இவை 7 முதல் 9, 11 முதல் 13 என்று உயரும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். உங்கள் மாநிலத்தில் 9 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 10 லட்சம் பேர் என்றால், மிகக் குறைந்த மதிப்பீட்டிலேயே 50,000 பேர் எஸ்இடி. அட்டவணை 20,000 பேருக்குச் சேவை தந்ததாகச் சொல்கிறது. அப்படியானால் 30,000 பேர் எங்கே என்று உடனே கடிதம் எழுதிவிடாதீர்கள், அந்த அலுவலர் ஒரே வரியில் உங்களை மடக்கிவிடுவார். 14ஏ-வின் வயது வரிசை 0 முதல் 12, 13 முதல் 17 என்று போகிறது, மதிப்பீடோ 9-ல் தொடங்குகிறது, இரண்டும் பொருந்தாது. தவிர இந்த அட்டவணை மாநில மனநலத் துறை தன் கண்காணிப்பில் கொடுத்த சேவையை மட்டும் சொல்கிறது. தனியார் இன்சூரன்ஸில் பார்த்தவர்கள், குழந்தைநலத் துறை வழியாகவோ ஸ்கூல் வழியாகவோ பார்க்கப்பட்டவர்கள் பல மாநிலங்களில் இதற்குள் வருவதே இல்லை. எஸ்இடி வரையறையையே சில மாநிலங்கள் தமக்கேற்ப மாற்றி வைத்திருக்கின்றன. ஆகவே நியூஜெர்சியையும் டெக்சாஸையும் பக்கத்தில் வைத்து எது நல்ல மாநிலம் என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் மாநிலத்தையே ஐந்து வருஷத்துக்கு வரிசையாகப் பாருங்கள். 13 முதல் 17 வயது எண் ஏறுகிறதா இறங்குகிறதா, திடீரென்று ஒரு வருஷம் பாதியாகிவிட்டதா என்று பாருங்கள். பாதியாகியிருந்தால் பிள்ளைகள் குணமாகியிருக்க மாட்டார்கள், எண்ணும் முறையோ சாஃப்ட்வேரோ மாறியிருக்கும், அடிக்குறிப்பில் எழுதியிருப்பார்கள். அடிக்குறிப்பை விடாமல் படியுங்கள், உண்மை பெரும்பாலும் அங்கேதான் பொடி எழுத்தில் கிடக்கும்.

மெடிகெய்ட்: சட்டம் பெரியது, படிவம் சிறியது

வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இபிஎஸ்டிடி என்று ஓர் உரிமை இருக்கிறது. 1967-ல் வந்தது, 1989-ல் பலப்படுத்தினார்கள். மருத்துவரீதியாகத் தேவைப்படும் சிகிச்சை மெடிகெய்ட் சட்டத்தின் சேவை வகைகளில் ஒன்றாக இருந்தால், மாநிலம் பெரியவர்களுக்கு அதைத் தராவிட்டாலும் பிள்ளைக்குத் தந்தாக வேண்டும். வீட்டுக்கே வந்து செய்யும் தீவிர சிகிச்சையும் இதில் வரும். 2024 செப்டம்பரில் மத்திய மெடிகெய்ட் அலுவலகம் இதை விளக்கி மாநிலங்களுக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பியது, அதில் பிள்ளைகளின் மனநலச் சேவைக்குத் தனிப் பகுதியே உண்டு. அப்பீல் எழுதும்போது அந்தக் கடிதத்தைச் சுட்டிக்காட்டுங்கள்.

இவ்வளவு பெரிய உரிமைக்கு மாநிலங்கள் ஆண்டுதோறும் நிரப்புவது சிஎம்எஸ்-416 என்ற படிவம். எத்தனை பேருக்கு உடல் பரிசோதனை நடந்தது, பல் பார்த்தார்களா, ரத்தத்தில் ஈயம் பார்த்தார்களா, எத்தனை பேரை மேல் சிகிச்சைக்கு அனுப்பினார்கள் என்றெல்லாம் கேட்கும். மனநலச் சிகிச்சை எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்கும் வரி அதில் இல்லை. "எங்கள் இபிஎஸ்டிடி பங்கேற்பு 80 சதவீதம்" என்று கூட்டத்தில் யாராவது பெருமையாகச் சொன்னால், அது உங்கள் பிள்ளையின் பிரச்சினையைப் பற்றி எதுவும் சொல்லாத எண் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது சைல்ட் கோர் செட், மெடிகெய்ட் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சிகிச்சையின் தரத்தை அளக்கும் எண்களின் தொகுப்பு. 2024 முதல் எல்லா மாநிலங்களும் இதைக் கட்டாயம் தர வேண்டும், அதற்கு முன்னால் விருப்பம்போலத் தந்தார்கள். மனநலக் காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்த 6 முதல் 17 வயதுப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய 7 நாளுக்குள், 30 நாளுக்குள் மனநல நிபுணர் யாராவது பார்த்தாரா என்ற அளவு அதில் இருக்கிறது. ஆன்டிசைக்காட்டிக் மருந்து தொடங்கும் பிள்ளைக்குப் பேச்சுச் சிகிச்சையும் கொடுத்தார்களா, ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் பரிசோதித்தார்களா என்பவையும் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது அந்த 7 நாள் எண்தான். அலங்காரம் செய்ய இடமில்லாத எண் அது, ஒரு வாரத்தில் யாராவது பார்த்தார்கள், இல்லையென்றால் பார்க்கவில்லை.

நம்மில் பலர் எந்த அட்டவணையிலும் இல்லை

ஐடி வேலையில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குப் பெரும்பாலும் கம்பெனி இன்சூரன்ஸ்தான். பெரிய கம்பெனிகள் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயரில் அட்டை கொடுத்தாலும் செலவைத் தாங்களே ஏற்பார்கள். அப்படிப்பட்ட பிளான் மாநிலத்தின் கட்டுப்பாட்டில் வராது, மத்தியத் தொழிலாளர் துறையின் கீழ் வரும். ஆக உங்கள் பிள்ளை மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் பெரும்பாலும் இருக்காது. தொழிலாளர் துறையும் மற்ற துறைகளும் சேர்ந்து, மனநலத்துக்கும் உடல்நலத்துக்கும் சமமான காப்பீடு தரப்படுகிறதா என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அறிக்கை தருகின்றன, உங்களுக்கு உரிய அறிக்கை அது. 2008-ன் சமநிலைச் சட்டத்தை 2021-ல் அமலுக்கு வந்த திருத்தம் இறுக்கியது. மனநலத்துக்கு மட்டும் ஏன் இத்தனை முன் அனுமதி, ஏன் நெட்வொர்க்கில் ஆளே இல்லை என்பதற்கு பிளான் தன் ஒப்பீட்டு ஆய்வை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதை நீங்களும் கேட்டு வாங்கலாம். எச்ஆரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் பிளான் நிர்வாகிக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

இன்னொன்று. பெற்றோரின் சம்பளத்தைப் பார்க்காமலேயே எஸ்இடி பிள்ளைக்குச் சேவை தரும் வழி சில மாநிலங்களில் உண்டு. நியூஜெர்சியின் பிள்ளைகள் சேவைத் துறை மொபைல் ரெஸ்பான்ஸ் என்ற நெருக்கடி உதவிக் குழுவை வருமானம் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பும், டெக்சாஸில் யெஸ் வெய்வர் என்ற மெடிகெய்ட் திட்டம் இருக்கிறது. 'மெடிகெய்ட் நமக்கு வராது' என்று நாமே முடிவு கட்டிவிடுவதால் இவற்றைக் கேட்பதே இல்லை. விசா நிலை பற்றிப் பயமிருந்தால் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

ஸ்கூல் எண்கள், குறிப்பாகப் பூஜ்யங்கள்

ஐடியா சட்டப்படி கல்வித் துறை ஆண்டுதோறும் காங்கிரஸுக்கு அறிக்கை தருகிறது. எமோஷனல் டிஸ்டர்பன்ஸ் வகையில் இருக்கும் மாணவர்கள்தான் படிப்பைப் பாதியில் விடுவதில் முன்னணியில் இருப்பதாக அது வருஷாவருஷம் காட்டுகிறது. பள்ளி மாவட்ட (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) அளவில் தேடினால் நட்சத்திரக் குறியோ கோடோ போட்டிருப்பார்கள். பிள்ளைகள் சிலரே இருந்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று மறைக்கிறார்கள், அதில் தப்பில்லை.

கல்வித் துறையின் சிவில் உரிமைத் தரவுத் தொகுப்பில் ஒவ்வொரு ஸ்கூலும் பிள்ளைகளை எத்தனை முறை பிடித்து அடக்கினார்கள், தனி அறையில் அடைத்தார்கள் என்று சொல்ல வேண்டும். உங்கள் ஸ்கூலுக்குப் பூஜ்யம் என்று இருந்தால் நிம்மதியடையும் முன் இதைக் கேளுங்கள். 2015-16 கல்வியாண்டில் நாட்டின் 70 சதவீத மாவட்டங்கள் ஒரு சம்பவம்கூட இல்லை என்று எழுதிக் கொடுத்ததை ஜிஏஓ என்ற தணிக்கை அமைப்பு 2019-ல் எடுத்துக் காட்டியது. அப்படிப் பூஜ்யம் கொடுத்த இடங்களில் ஒன்று வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி, நாட்டின் மிகப் பெரிய மாவட்டங்களில் ஒன்று. சம்பவங்கள் நடந்திருந்தும் அங்கே வருஷக்கணக்கில் பூஜ்யம் போய்க்கொண்டிருந்தது. பூஜ்யம் என்றால் நடக்கவில்லை என்றும் இருக்கலாம், யாரும் எண்ணவில்லை என்றும் இருக்கலாம். எது என்று தெரிய ஒரே வழி, சம்பவப் பதிவேட்டை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று மாவட்டத்திடம் எழுத்தில் கேட்பது.

கோபத்தில் எழுதப்பட்ட அறிக்கைகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்

இதுவரை சொன்னவை துறைகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்டவை. வேறொருவர் வந்து கதவைத் தட்டி எழுதியவை இன்னொரு ரகம். நேரம் குறைவாக இருந்தால் இவற்றிலிருந்தே தொடங்குங்கள், மொழியும் எளிமையாக இருக்கும்.

ஜிஏஓ 2003 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை ஒன்று இருக்கிறது, எண் ஜிஏஓ-03-397. 2001 நிதியாண்டில் குறைந்தது 12,700 பிள்ளைகளை, மனநலச் சிகிச்சை கிடைக்க வேறு வழி இல்லாததால், பெற்றோரே குழந்தைநலத் துறையிடமோ சிறார் நீதித் துறையிடமோ ஒப்படைத்தார்கள் என்று அது மதிப்பிட்டது. அந்தப் பெற்றோர் பிள்ளையை அடித்தவர்களோ பட்டினி போட்டவர்களோ இல்லை. இதில் சுமார் 9,000 பேர் போனது சிறார் நீதித் துறைக்கு. இந்த எண்ணுமே 19 மாநிலங்களின் குழந்தைநல அதிகாரிகளும் 30 கவுண்டிகளின் சிறார் நீதி அதிகாரிகளும் சொன்னதைக் கூட்டி வந்தது, மற்றவர்களிடமிருந்து கணக்கே வரவில்லை. உண்மை எண் இன்னும் பெரியது என்று ஜிஏஓவே சொல்கிறது. ஒரு நல்ல அறிக்கை இப்படித்தான் இருக்கும், தன் எண்ணில் யார் இல்லை என்று தானே சொல்லிவிடும்.

அடுத்த வருஷம், 2004 ஜூலையில், ஹென்றி வாக்ஸ்மன், சூசன் காலின்ஸ் என்ற இரண்டு காங்கிரஸ் உறுப்பினர்களுக்காகத் தயாரித்த ஆய்வு நாட்டின் சிறார் தடுப்பு மையங்களிடம் நேராகவே கேட்டது. பதில் சொன்ன மையங்களில் மூன்றில் இரண்டு பங்கு, வெளியே மனநலச் சேவை கிடைக்கும் வரை பிள்ளைகளைத் தங்களிடமே வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டன. ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட 15,000 பேர், ஒவ்வொரு ராத்திரியும் சுமார் 2,000 பேர். வெயிட்டிங் லிஸ்டை யாராவது எண்ணினால் என்ன தெரியவரும் என்பதற்கு இந்த ஆய்வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பழைய அறிக்கைகள்தான், ஆனால் இதே கேள்விகளை உங்கள் கவுண்டியிடம் இன்று கேட்க இவை அச்சு மாதிரி உதவும்.

மருந்து விஷயத்துக்கு சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2018-ல் வெளியிட்டதைப் பாருங்கள். ஐந்து மாநிலங்களில் வளர்ப்பு இல்லங்களில் இருந்த, மனநல மருந்து எடுத்துக்கொண்ட பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குச் சிகிச்சைத் திட்டமோ மருந்துக் கண்காணிப்போ சரியாக இல்லை என்று கண்டார்கள்.

பிள்ளையைத் தங்கவைக்கும் சிகிச்சை மையத்துக்கு, அதாவது ரெசிடென்ஷியலுக்கு, அனுப்பச் சொன்னால் கையெழுத்துப் போடும் முன் செனட் நிதிக் குழு 2024 ஜூனில் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். இரண்டு வருஷ விசாரணை. இத்தகைய மையங்களை நடத்தும் பெரிய நிறுவனங்களில் நடந்த வன்முறையும் அலட்சியமும் அங்கொன்றும் இங்கொன்றுமான தவறுகள் அல்ல, அந்தத் தொழில் நடக்கும் விதத்திலேயே இருக்கின்றன என்பதுதான் அதன் முடிவு. எல்லா மையமும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சொன்ன மையத்தின் பெயரையும் மாநில உரிமத் துறையின் ஆய்வு அறிக்கைகளையும் சேர்த்துத் தேடுங்கள். மையத்துக்குப் பதில் வீட்டிலேயே சேவை தந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அரசின் சொந்தக் கணக்கு இருக்கிறது. 2005 சட்டப்படி ஒன்பது மாநிலங்களில் செய்து பார்த்து 2013-ல் காங்கிரஸுக்கு அறிக்கை கொடுத்தார்கள், மையத்தில் ஆகும் செலவில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ஆனது. "வீட்டுச் சேவைக்குப் பட்ஜெட் இல்லை" என்று சொல்பவரிடம் காட்ட வேண்டிய பக்கம் அது.

எல்லாவற்றையும்விட நம்பகமானவை, கோர்ட்டோ மத்திய அரசின் நீதித் துறையோ கண்காணிப்பாளரை உட்காரவைத்து எழுதவைத்த அறிக்கைகள். மாசசூசெட்ஸில் ரோசி டி. வழக்கில் 2006 ஜனவரியில், எஸ்இடி உள்ள மெடிகெய்ட் பிள்ளைகளுக்கு மாநிலம் இபிஎஸ்டிடி கடமையைச் செய்யவில்லை என்று தீர்ப்பு வந்தது. கலிஃபோர்னியாவில் கேட்டி ஏ. வழக்கு 2011-ல் உடன்படிக்கையில் முடிந்தது. மேற்கு வர்ஜீனியா பிள்ளைகளைத் தேவையில்லாமல் மையங்களில் வைத்திருக்கிறது என்று நீதித் துறை 2015-ல் சொல்லி, 2019-ல் ஒப்பந்தம் போட்டது. அதன்பின் அங்கே வெளியாட்களான நிபுணர்கள் எழுதிய அறிக்கைகளில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், விண்ணப்பித்து எத்தனை நாளில் முதல் சேவை வந்தது என்பதெல்லாம் இருக்கிறது. ஆக அந்த எண்ணைச் சேகரிக்கவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, யாராவது கட்டாயப்படுத்தினால் மாநிலம் சேகரிக்கத்தான் செய்கிறது. உங்கள் மாநிலத்தில் இப்படி வழக்கு இருக்கிறதா என்று ஊனமுற்றோர் உரிமை அமைப்பிடம் கேளுங்கள். 1986 சட்டப்படி மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடும் அமைப்பு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்று உண்டு, ஆலோசனைக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

இல்லாத எண்ணைக் கேட்டு வாங்குவது

வெளியிட்டதில் இல்லை என்றால் பொது ஆவணச் சட்டத்தில் கேளுங்கள். மத்திய அரசுக்கு 20 வேலை நாள், நியூஜெர்சியில் 7 வேலை நாள், கலிஃபோர்னியாவில் 10 நாளில் பதில் வர வேண்டும். நடைமுறையில் அவகாசம் கேட்டு இழுப்பார்கள். "பிள்ளைகள் மனநலம் பற்றிய எல்லா ஆவணமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது, கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். ஏறக்குறைய இப்படி எழுதுங்கள்: "2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை, எங்கள் கவுண்டியில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வீட்டில் தரும் தீவிர சிகிச்சைக்காக வந்த பரிந்துரைகளின் எண்ணிக்கை, அனுமதி கிடைத்தவை, அனுமதியிலிருந்து முதல் சேவை வரை ஆன சராசரி நாட்கள், அந்தக் காலம் முடிந்த அன்று காத்திருந்தவர்களின் எண்ணிக்கை. பெயரோ அடையாளமோ தேவையில்லை, எக்ஸெல் வடிவில் போதும்." "அந்தத் தகவலை நாங்கள் சேகரிப்பதில்லை" என்று பதில் வந்தால் சோர்ந்து போகாதீர்கள். காத்திருக்கும் பிள்ளைகளை மாநிலம் எண்ணுவதே இல்லை என்று துறையின் லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்திருக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு அதைவிட நல்ல காகிதம் வேறில்லை.

படித்ததை உடனே சேமித்து வையுங்கள். 2025 மார்ச்சில் சாம்சாவை வேறு சில அமைப்புகளோடு சேர்த்துப் புதிய அமைப்பு ஒன்றில் இணைக்கப்போவதாக அறிவித்தார்கள், ஆட்குறைப்பும் நடந்தது. இணையப் பக்கங்கள் இடம் மாறும், சில காணாமல் போகும். பிடிஎஃபை இறக்கிவைத்து, இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடுங்கள்.

கடைசியாக, பெரும்பாலோர் கேள்விப்படாத ஓர் இடம். பிளாக் கிராண்ட் வாங்கும் ஒவ்வொரு மாநிலமும் ஒரு மனநலத் திட்டக் குழு வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதில் குறைந்தது பாதிப் பேர் அரசு ஊழியராகவோ சேவை வழங்குபவராகவோ இருக்கக் கூடாது. எஸ்இடி உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் போதுமான அளவு இருக்க வேண்டும். பல குழுக்களில் பெற்றோர் நாற்காலி காலியாகக் கிடக்கும். கூட்டம் பொதுவில் நடக்கும், பெரும்பாலும் ஜூமில் பார்க்கலாம், கருத்துச் சொல்லவும் நேரம் ஒதுக்குவார்கள். மாநிலம் தன் திட்டத்தைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கவும் வேண்டும். முழுத் திட்டம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டில், செப்டம்பர் தொடக்கத்தில் சாம்சாவுக்குப் போகும், ஆகவே வரைவு கோடையில் வெளிவரும். ஜூன் பிறந்ததும் மாநில மனநலத் துறையின் பக்கத்தை வாரம் ஒரு முறை பாருங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். 14ஏ, 16, 7 நாள் எண், நீங்கள் கேட்டுக் கிடைக்காத எண், இவ்வளவு போதும். பிள்ளையின் பெயரைப் போடாதீர்கள், இந்தக் கருத்துகளும் பொது ஆவணம் ஆகிவிடும்.